சிலிக்கான் என்று நான் எழுதிய டியூப்

போன வருடம் புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை அது. ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவப் பொருட்களை மொத்தமாக அனுப்பும் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பஞ்சு, பேண்டேஜ், கையுறை என்று எதைக் கேட்டாலும் எந்த அலமாரியில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் கடையின் பொருள் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்தி முடித்திருந்தேன். ஒரே நிறத்தை ஒரு கம்பெனி 'க்ரீம்' என்னும்; இன்னொன்று 'ஐவரி' என்னும். எதனால் செய்தது என்பதிலும் இதே குழப்பம்தான். சிறுநீர் போகப் பொருத்தும் டியூபுக்கு 'சிலிக்கான்', 'சிலிக்கான் கோட்டட்', 'சிலிக்கனைஸ்டு' என்று மூன்று விதமாக இருந்தது. எல்லாவற்றையும் 'சிலிக்கான்' என்று ஒன்றாக்கிவிட்டேன். பட்டியல் பளிச்சென்று ஆனது. முதலாளிகூடப் பாராட்டினார்.

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண்.

"அக்கா, சிலிக்கான் டியூப் கேட்டிருந்தோம். நீங்க அனுப்புனது மஞ்சளா, ரப்பர் மாதிரில்ல இருக்கு? இன்னைக்கு ஆபரேஷன் பண்ற பேஷண்டுக்கு ரப்பர் ஆகாது. பலூன் ஊதுனாலே உதடு வீங்கிருமாம், அவிய வீட்டம்மா சொல்லுதாவ. கிளவுஸ்கூட வேற மாத்தி வச்சிருக்கோம்."

"கலரு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்மா. அது சிலிக்கான்தான். லிஸ்ட் போட்டதே நாந்தான்" என்று அடித்துச் சொன்னேன்.

 அவள் "சரிக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. முழுக்கச் சிலிக்கானால் ஆன டியூப் கண்ணாடி மாதிரி அல்லவா இருக்கும்? எத்தனை வருடமாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன்! உள்ளே ஓடி, அந்த டியூப் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மேல் பூச்சு மட்டும்தான் சிலிக்கான். உள்ளே அத்தனையும் ரப்பர். பக்கவாட்டில் பொடி எழுத்தில் எச்சரிக்கையே இருந்தது.

திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. சரியான டியூபைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். புரட்டாசிச் சனி என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போதே ஊருக்குப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களின் கூட்டம். வண்டி நகரவில்லை. ஒரு கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு மீதித் தூரம் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த நர்ஸ் நின்றிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "அந்த டியூப்..." என்றேன்.

"போடலக்கா. நீங்க சொன்னீய, ஆனா எனக்கு மனசு கேக்கல. டாக்டர்ட்ட சொன்னேன். வேற கெடைக்கட்டும்னு ஆபரேஷனத் தள்ளி வச்சிருக்காவ."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு என் மேலதான்மா" என்று டியூபை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதான்க்கா" என்று உள்ளே போனாள்.

நோயாளி செட்டியார்பட்டிக்காரர், லீவில் வந்திருந்த ராணுவ வீரர். "எனக்காகவா இம்புட்டு தூரம் ஓடியாந்தீய?" என்று சிரித்தார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி சிரிக்கவில்லை. "எழுதும்போதே செத்த பாத்திருக்கலாமேம்மா" என்றார். நியாயமான பேச்சு. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த டியூப் போன ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தேன். பட்டியலையும் முதலிலிருந்து எழுதினேன், இந்த முறை பொருளைக் கையில் வைத்துக்கொண்டு. நிறம் என்றால் கண்ணுக்குத் தெரிவது. உள்ளே இருப்பது தனி, மேல் பூச்சு தனி. ரப்பர் உண்டா, இல்லையா என்பதற்குத் தனியே ஒரு கட்டம். தெரியாததை நிரப்பாமல் கம்பெனியிடமே கேட்டேன்.

இன்று அதில் எந்த வரியைக் கேட்டாலும் தைரியமாகப் பதில் சொல்வேன். அந்தத் தைரியம் என் அனுபவத்தால் வந்ததில்லை. என்னைவிட எத்தனையோ வயது சின்னவளான ஒருத்தி அன்று என் பேச்சை நம்பாமல் தன் கண்ணை நம்பியதால் வந்தது.