அவள் இறங்குற ரயில்

துபாய்ல மெட்ரோ ஓட ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வருஷம் முந்தி, அதுல ஒரு ஸ்டேஷனுக்கு டைல்ஸ் போட்டவன் நான். பிளாட்பாரத்துல கண்ணு தெரியாதவங்க காலால தடவி நடக்கப் புள்ளி புள்ளியா ஒரு டைல்ஸ் வரும். அதைச் சரிபார்க்க ஒரு ஜப்பான்காரர் வருவார். அம்பது வயசிருக்கும். நூல் பிடிச்ச மாதிரி போட்டிருந்தாலும் முட்டி போட்டுத் தடவிப் பார்த்து, எடுத்துட்டு மறுபடி போடுன்னு சைகை காட்டுவார். அந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவு கடுப்பு.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பர்ஸுலேர்ந்து போட்டோ ஒண்ணை எடுத்துக் காட்டினார். டோக்கியோவுக்கு வெளியே அவர் குடியிருக்கிற ஊரோட ரயில்வே ஸ்டேஷனாம். என்னமோ பெரிசா எதிர்பார்த்தேன். ஒரே ஒரு பிளாட்பாரம், வெளியே வரிசையா சைக்கிள், கூல்டிரிங்க்ஸ் விக்கிற ஒரு மெஷின், அவ்வளவுதான். "என்ன சார், எங்க சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனே இதைவிடப் பெரிசு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே வாட்சைப் பார்த்தார். ஒரு மணி நாலு நிமிஷம். அவர் நாட்டுல ஆறு மணி நாலு நிமிஷம். "என் பொண்ணு இப்ப இறங்குறா. மூணாவது பெட்டி, ரெண்டாவது கதவு"ன்னார் அரைகுறை இங்கிலீஷ்ல. சொல்லும்போது அந்தக் கல்லு மூஞ்சி பச்சைப்பிள்ளை மூஞ்சியா ஆயிருச்சு. தினமும் அந்த நேரத்துக்கு வாட்சைப் பார்த்தப்புறம்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

எனக்குப் பொறாமையா இருந்துச்சு, ஒளிக்காம சொல்றேன். என் பொண்டாட்டியும் ரயில்லதான் வேலைக்குப் போனா. தாம்பரத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை. ஆனா எந்த வண்டி, எந்தப் பெட்டி, ஒண்ணும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பேசுவோம். கேஸ் சிலிண்டர், எங்க அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவு, யார் வீட்டுக் கல்யாணம்னு பேசி முடிக்கிறதுக்குள்ள போன் கார்டு தீர்ந்துரும்.

அந்த வெள்ளிக்கிழமை கேட்டேன். "சாயங்காலம் எத்தனை மணி வண்டியில வர்ற?"

"ஆறேகாலுக்கு ஏறுவேன். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறப்ப எறங்கிருவேன்."

"எந்தப் பெட்டி?"

"லேடீஸ் பெட்டிதான். ஏன்?"

"சும்மாதான்."

மறுநாள்லேர்ந்து சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு, வேலை முடிஞ்சு நாங்க தங்கியிருந்த கேம்புக்குத் திரும்புற பஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நானும் வாட்சைப் பார்த்தேன். இப்ப எறங்குறா, இப்ப பையைத் தோள்ல மாட்டுறா. ஆசை அதோட அடங்குமா? அடுத்தடுத்த வாரமும் கேட்டேன். பக்கத்துல யாரு உட்கார்றது, எறங்கி எந்தப் பக்கமா நடக்கிற, நேத்து வண்டி லேட்டா? என் கண்ணுக்குள்ள அவ முழுசா வரணும், வேற ஒண்ணுமில்ல.

வெளிநாட்டுல இருக்கிற புருஷன் இப்படி நேரங்காலம் கேட்டா ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். எங்க ரூம்லயே ஒருத்தன் இருந்தான். வீட்டு லேண்ட்லைனுக்குத் தினம் அடிப்பான், பொண்டாட்டி எடுக்க லேட்டானா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். "நீயெல்லாம் மனுஷனாடா"ன்னு அவனை நானே திட்டியிருக்கேன். என் மரமண்டைக்கு மட்டும் ஒண்ணும் உறைக்கல.

அஞ்சாவது வெள்ளிக்கிழமை அவ குரலே வேற மாதிரி இருந்துச்சு. "வேலைய விட்டுட்டேன்."

"ஏன்? என்னாச்சு?"

"இனிமே எந்த வண்டி, எந்தப் பெட்டின்னு நீங்க கஷ்டப்பட வேண்டாம் பாருங்க. வீட்டுலயே கெடக்கேன். எப்ப வேணாலும் அடிச்சுப் பாருங்க."

பதறிப்போயிட்டேன். ஜப்பான்காரர், போட்டோ, வாட்சு, எல்லாத்தையும் கொட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் அழுதா. "உன்னைத் தேடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கல்யாணமாகி ஆறு வருஷத்துல நீங்க அதைச் சொன்னதே இல்ல. நான் என்னத்தைக் கண்டேன்?" அப்பவும் வாயெடுத்தேன், வரல. கம்பெனியில அதுக்குள்ள வேற ஆள் போட்டுட்டாங்க.

அடுத்த லீவுல வந்தப்ப, ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரலாம்னு அவளைக் கூப்பிட்டேன். "நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க"ன்னா. கோவமாச் சொல்லல, அதான் ரொம்ப வலிச்சுது.

தனியாத்தான் போனேன். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறப்ப வண்டி வந்துச்சு. லேடீஸ் பெட்டியிலேர்ந்து ஏழெட்டுப் பொம்பளைங்க ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே எறங்கினாங்க. எங்க தெருவுக்கு அடுத்த தெருப் பொண்ணு ஒண்ணு என்னைப் பார்த்து நின்னுச்சு. "துபாய்லேர்ந்து எப்ப வந்தீங்கண்ணா? அக்காவை ஏன் வேலைய விட்டு நிறுத்திட்டீங்க?"

நான் வாட்சைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சேன்.

"வீட்டுல மாமியார் இருக்காங்க, வாயைத் திறந்து ஒண்ணும் பேச முடியாதுன்னு அக்கா சொல்லும். தாம்பரத்துல ஏறினா எறங்குற வரைக்கும் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு வரும். நாங்ககூடக் கேலி பண்ணுவோம். இப்ப யார்கிட்டண்ணா பேசுது?"