தமிழரசு அறுக்காத புறா

புறா வளர்ப்பவன் வீட்டுக்குக் கீழே குடியிருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. துவைத்துப் போட்ட புடவையெல்லாம் எச்சம். பந்தயப் புறா வளர்க்கும் மாடிவீட்டுத் தமிழரசுவோடு நான் போடாத சண்டை இல்லை. அவன் மனைவி ரேகா என் கட்சி. "இந்தாளு என்னைக் கட்டிக்கினதே புறாவுக்குக் கம்பு வாங்கிப் போடத்தான் சுலோசனாக்கா" என்று தெருவே கேட்கக் கத்துவாள். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் சிக்கன் பகோடா வண்டி போடுகிறவள், குரல் அப்படி.

அந்தக் குரலே போய்விட்டது. நாற்பத்தொரு வயதில் பக்கவாதம். வலது கையும் விழுந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் காப்பாற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, பிறகு எதனால் வந்தது என்று கேட்டால் "டென்ஷன்" என்றார்கள். டென்ஷனாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தமிழரசுவின் அத்தை மங்களம் பூந்தமல்லியிலிருந்து வந்து இறங்கினாள். "வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கணும்டா. கூண்டு நிறைய வச்சிக்கினு இன்னாடா யோசிக்கிற? பந்தயத்துல ஜெயிச்ச அந்த ராஜாவ அறு."

அவன் மாடிக்குப் போனான். வெகுநேரம் கழித்துக் கிண்ணத்தில் ரத்தத்தோடு வந்தான். அத்தை தேய்த்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுவாரம் துணி காயப்போட மாடிக்குப் போனால், கூண்டில் ராஜா குத்துக்கல்லாட்டம் நிற்கிறது! தமிழரசு என் கையைப் பிடித்துக்கொண்டான். "மனசு வரலக்கா. கோழிக் கடையில ரத்தம் வாங்கியாந்து குடுத்துட்டேன். அதனாலதான் அவளுக்கு இன்னும் வாய் வரலியோ? பொண்டாட்டியவுட ஒரு புறா பெருசா பூட்ச்சா எனக்கு?" என்று குலுங்கி அழுதான். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அழுதது போதும். மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கலாம் வா" என்றேன். ஆபீஸில் நாலு பேரிடம் விசாரித்து, பக்கவாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இருவரையும் அழைத்துப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா ரேகாவின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"ரத்தக்குழாயோட சுவரே சரியில்ல. மணி கோத்த மாதிரி ஒரு இடம் சுருங்கி, ஒரு இடம் உப்பி இருக்கு. அங்க உறைஞ்ச ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருக்கு. மாத்திரைய விடாம சாப்பிடணும், பிரஷரைக் கவனிக்கணும். பேச்சுப் பயிற்சி குடுத்தா பேசிடுவாங்க."

தமிழரசு தயங்கித் தயங்கிக் கேட்டான். "புறா ரத்தம் தேய்ச்சிருந்தா, டாக்டரம்மா?"

"யானை ரத்தம் தேய்ச்சாலும் உள்ள இருக்கிற சுவர் சரியாகாதுப்பா."

அப்பாடா என்று அவன் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

பயிற்சிக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். முதலில் ஒரு சொல், பிறகு இரண்டு சொல், பிறகு முழு வாக்கியம் என்று பேச்சு வந்தது. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரேகா மெதுவாகச் சொன்னாள்: "அது கோழி ரத்தம்."

தமிழரசுவுக்கு முகம் செத்துவிட்டது.

"தினம் கோழி கழுவுறவ நான். அந்த வாடை எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் வாய் வரல."

"தப்புதான் ரேகா..."

"சும்மா கெடய்யா. அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. உசுரா வளத்த ராஜாவையே நீ அறுத்திருந்தா, நான் பொழைக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியோன்னு பயந்திருப்பேன்."