வாலுள்ள வட்டம்

என் அக்காவுக்கு மூக்கில் வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம். ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இருவரையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அக்கா இருபத்தாறு வருஷம் ஒரு ஒயின் ஆலையில் வேலை பார்த்தாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'துப்புரவு' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஆலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூக்கு வந்தாச்சா?" என்பார்கள். "மூக்கைக் கேட்டுட்டு ஊத்துங்க" என்பார்கள்.

ஒயின் ஊறுகிற மரப் பீப்பாயைக் காலி செய்ததும் வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். கவிழ்த்துக் காயவைப்பார்கள். மறுபடி நிரப்புவதற்கு முன் ஒரு ஆள் அதை முகர்ந்து பார்த்தாக வேண்டும். பீப்பாயின் வயிற்றில் ஒரு துளை உண்டு. அக்கா அதன் தக்கையைப் பிடுங்கிவிட்டு, துளையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி மூன்று மூச்சு இழுப்பாள். ஒயின் புளித்துப்போன காடி வாடையோ பூஞ்சை வாடையோ துளி இருந்தால் போதும், இடுப்புப் பையிலிருந்து சாக்பீசை எடுத்து முகப்புப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, கீழே ஒரு வாலை இழுத்துவிடுவாள். வாலுள்ள வட்டம் என்றால் கழிசல். அதைப் பின்பக்கக் கொட்டகைக்கு உருட்டிவிடுவார்கள். நல்ல பீப்பாய்க்குக் குறியே கிடையாது.

"நல்லதுல எதுக்குடி எழுதணும்? அது பாட்டுக்குப் போகட்டும்" என்பாள்.

ஒரு வருஷம் அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆலை முழுக்க ஈரம். கழுவிய பீப்பாய் எதுவும் காயவில்லை. அக்கா பதினோரு நாள் அங்கேயே கிடந்து நூற்றிருபது பீப்பாய்களையும் முகர்ந்தாள். நாற்பத்து மூன்றுக்கு வால் இழுத்தாள். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். "ஊத்த இடமில்லாம நிக்கிறேன், இவ மூக்கை வெச்சுக்கிட்டு என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்குறாளே" என்று கத்தினார். அக்கா கல் மாதிரி நின்றாள். "ஊத்துறதுன்னா நீங்களே ஊத்திக்குங்க ஐயா. நான் சரின்னு சொல்ல மாட்டேன்." கடைசியில் மூக்கறுபட்டவர் அவர்தான். மிச்சப் பீப்பாய்களில் ஊறிய ஒயின் பெரிய பரிசு வாங்கியது. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் சிரித்தவரும் அவர்தான்.

அந்த மழை வருஷத்து ஒயினில் ஒரு சொட்டுகூட அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவளோ ஒயின் பைத்தியம். தினமும் சாயங்காலம் மெல்லிசான கண்ணாடிக் கோப்பையில் ஒரே ஒரு அளவு ஊற்றிக்கொண்டு உட்காருவாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் வேலையாட்களுக்கு வருஷக் கடைசியில் கொடுத்தது சாதா பாட்டில். நல்லதெல்லாம் வெளியே போய்விட்டது. தொட்டிலைத் துடைத்துக் கொடுத்தவளுக்குக் குழந்தையின் முகத்தைக் காட்டாத மாதிரி. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா ஓய்வு பெற்றாள். மறு வருஷமே முதலாளியின் மகன், சின்ன முதலாளி, ஆலையை மூடிவிட்டு, கம்பெனியின் பெயரையும் மிச்சமிருந்த சரக்கையும் தூக்கிக்கொண்டு பெருநகரத்துக்குப் போய்விட்டார். அங்கே வேலை பார்க்கிற என் மகள் போன வசந்தத்தில் ஒருநாள் போன் செய்தாள்.

"பெரியம்மா, உங்க மழை வருஷத்து ஒயின் இங்க ஒரு பார்ல இருக்கு. கிளாஸ் கணக்குல ஊத்துறாங்களாம். இன்னும் ரெண்டே பாட்டில்தானாம்."

அக்கா போனை வைத்த கையோடு பெட்டியை எடுத்தாள்.

"ஒரே ஒரு கிளாஸ். குடிச்சுட்டுச் செத்தாலும் சரி" என்றாள்.

"குடிக்கிறதுக்கு முன்னாடி செத்துடாதே, டிக்கெட் வீணாகிடும்" என்றேன்.

பெருநகரத்தில் ரயில் காலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டது. பார் திறப்பது ஐந்து மணிக்கு. அதுவரை என்ன செய்வது? மகள் இரண்டு அருங்காட்சியகங்களை எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதலாவதில் ஓவியங்கள். ஒரு மேஜை, பாதி உரித்த பழம், ஒரு கோப்பை ஒயின் என்று ஒரு பழைய படம். எல்லாரும் அதன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கிப் பார்த்தாள். "இது போச்சு. ஓரத்துல பழுப்பு ஏறிடுச்சு பாரு. ஜன்னலோரம் வெயில்ல வெச்சிருக்கான், மடையன்" என்றாள். காவலாளி திரும்பி நின்று சிரித்தார். அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அடுத்த மரியாதைக்கு நாங்கள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, தொழில்களின் அருங்காட்சியகம். தறி, அச்சு இயந்திரம் எல்லாம் தாண்டிக் கடைசிக் கூடத்தில் ஒயின். கூடத்தின் நடுவே, சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பீப்பாய். தலைக்கு மேல் தனி விளக்கு. அதன் முகப்பில் வெள்ளையாக ஒரு வட்டம். கீழே ஒரு வால். சாக்பீஸ் அழிந்துவிடாமல் மேலே ஏதோ பூசியிருந்தார்கள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வழிகாட்டி இளைஞன் பத்துப் பேரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். "இந்த வட்டம் இருக்குதே, இதுதான் அந்தக் குடும்பத்தோட தர முத்திரை. ஆயிரத்துல ஒரு பீப்பாய்க்குத்தான் கிடைக்கும். நிறுவனர் தன் கையாலயே போடுவாராம். இப்போ அவங்க பாட்டில் எல்லாத்துலயும் தங்க நிறத்துல இதையே அச்சடிக்கிறாங்க." பக்கத்துப் பலகையிலும் அதையேதான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துப் பாருங்கள். நல்ல பீப்பாய்கள் எல்லாம் தேயத் தேய உழைத்து, உடைந்து, விறகாய்ப் போய்விட்டன. அக்கா கழித்துப் போட்டது மட்டும் வேலைவெட்டி இல்லாமல் கொட்டகையில் குந்தியிருந்தது. கடைசியில் மிஞ்சியது அதுதான். உழைத்ததற்கு அடுப்பு, உட்கார்ந்திருந்ததற்கு விளக்கு!

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கயிற்றைத் தாண்டிக் குனிந்து துளையில் மூக்கை வைத்துவிட்டாள். எங்கோ மணி அலறியது.

"இன்னும் அடிக்குதுடி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "காடி."

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க, தொடக் கூடாது!" என்று இளைஞன் ஓடி வந்தான்.

"தம்பி, அந்த வட்டத்தைப் போட்டவளே இவதான். அது முத்திரை இல்ல, கழிசல்னு அர்த்தம்" என்றேன்.

அவன் சிரித்தான். குழந்தை ஏதோ உளறினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அப்படி நிறையப் பேர் சொல்லுவாங்கம்மா" என்றான். எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்டேன். அதிகாரியைக் கூட்டிவந்தான்.

அதிகாரி கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "எங்ககிட்ட ஆவணம் இருக்கு. அந்தக் குடும்பமே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட என்ன ஆவணம் இருக்கு?"

அக்கா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

அதிகாரிக்குப் புரியவில்லை. ஒரு கருத்துப் பதிவேட்டை நீட்டினார். நான் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பதினோரு நாள், நாற்பத்து மூன்று பீப்பாய், ஒன்று விடவில்லை. அவர் வாங்கிப் படிக்காமலே மூடி, இழுப்பறையில் போட்டு முழங்காலால் தள்ளினார். அந்த முழங்காலை எனக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். நானும் அப்படித்தான் தள்ளினேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. மிச்சப் பாதியே அந்தக் கட்டடத்தைக் கொளுத்தப் போதும்.

வெளியே படிக்கட்டில் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"பாருக்கு வேணாம். ஊருக்குப் போயிடலாம்."

"ஏன்?"

"அந்தப் பையன் சொன்னானே, பாட்டில்ல அந்தக் குறி இருக்கும்னு. வால் போட்டதை நான் வாயில வெக்க மாட்டேன்டி."

அவள் வேலைக்குத் துப்புரவு என்று பெயர் வைத்தார்கள், விட்டேன். பதக்கத்தைப் பிடுங்கினார்கள், விட்டேன். அவள் கைக்குறியைத் திருடித் தலைகீழாய்ப் பிடித்துக் காட்டுகிறார்கள். இப்போது அந்த ஒரே ஒரு கிளாசும் போகிறதா? "நீ குடிக்காம இந்த ஊரை விட்டு நான் நகர மாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அது நீளமான மரக்கட்டைக் கவுண்டர் வைத்த, சின்ன பார். அன்றைய ஒயின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்காலிகள் ஆளுயரம், ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு ஏறினோம். எங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண்மணி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். லேபிள் புத்தம் புதிது. வட்டம், வால், தங்கத்தில்.

அக்காவின் கை தானாகவே எழுந்து பாட்டிலை அந்தப் பக்கம் தள்ளியது. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"இந்த லேபிளைக் கிழிச்சுட்டு ஊத்துங்க" என்றேன்.

"லேபிளைக் கிழிச்சா இது அந்த ஒயின்தான்னு எப்படிம்மா நம்புவீங்க?"

"இவ நம்புவா. லேபிள் உங்களுக்குத்தான் வேணும்!"

அக்கா என் தொடையைக் கிள்ளிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அது என் கண்ணுல படாம ஊத்த முடியுமாம்மா?"

அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாட்டிலைக் கழுத்துவரை சுற்றி ஊற்றினார். "இதுல முதல்ல பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா கோப்பையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு மூச்சு. இரண்டாவது. மூன்றாவது. கெட்டுப்போயிருந்தால்? இவ்வளவுக்கும் பிறகு அதுவும் காடியாகியிருந்தால்? அவள் கை இடுப்புப் பக்கம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. கோப்பையைத் தூக்கினாள்.

ஒரு மணி நேரம் குடித்தாள். அந்த ஒரு மணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். எனக்கு அது வெறும் ஒயின்தான். ஆனால் அவள் கன்னம் நனைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அந்தப் பெண்மணி.

"குறி வேணாம்" என்றாள் அக்கா.

அவருக்கு விளங்கவில்லை. விளக்க நான் இருக்கிறேனே. பார் முழுக்கக் கேட்கும்படி விளக்கினேன். அவர் துண்டைப் பிரித்து லேபிளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அப்போ ஒவ்வொரு பாட்டில்லயும் கழிசல்னு எழுதியா வித்துக்கிட்டிருக்கோம்?" என்று கவுண்டரில் கையூன்றிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சிரித்தாள், பிறகு கரும்பலகையைக் காட்டி, "அந்தச் சாக்பீஸ்ல ஒரு துண்டு குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ரயில். பத்து மணிக்கே அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். அதே கூடம், அதே விளக்கு, அதே இளைஞன், புதிதாகப் பத்துப் பேர். "ஆயிரத்துல ஒரு பீப்பாய்க்குத்தான்..." என்று தொடங்கியவன் எங்களைப் பார்த்துத் தடுமாறினான்.

அக்கா பீப்பாய்ப் பக்கமே போகவில்லை. விளக்கப் பலகையின் முன்னால் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு குனிந்து, பலகையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மூன்று மூச்சு இழுத்தாள். பையிலிருந்து சாக்பீசை எடுத்தாள். எழுத்துகளின் மேலேயே பெரிதாக ஒரு வட்டம் போட்டு, கீழே வாலை இழுத்தாள்.

கூட்டத்தில் ஒரு அம்மா, "அட, இந்தப் பலகைக்கும் முத்திரையா?" என்றார். இளைஞன் அதிகாரியைக் கூப்பிட ஓடினான்.

முந்தின நாள் அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் சண்டைக்கு முந்தானையைச் செருகினேன். எனக்கு வேலையே வைக்கவில்லை அவள். சாக்பீசை அவர் உள்ளங்கையில் வைத்து, ஆலையில் ஆட்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"இது ஆகாது. பின்னாடிக் கொட்டகைக்கு உருட்டிடுங்க."