சத்தம் குறைத்த சனிக்கிழமைகள்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் முழங்கையைக் கொண்டுபோனால் பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும். விரலால் தொட்டால் தூரத்தில் எண்ணெய் பொரிவதுபோல மெல்லிய சடசடப்பு ஒன்று கேட்கும். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சனிக்கிழமை மதியங்களில் அந்தப் பெட்டியிலிருந்து நாங்கள் கேட்ட சத்தம் பெரும்பாலும் அது ஒன்றுதான். சாச்சாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. அப்பா எங்களுக்கு வாப்பா, அம்மா உம்மா. வாப்பாவின் தம்பியான அவரும் அவர் மனைவி சாச்சியும் எங்களோடுதான் இருந்தார்கள். காலையில் வந்து குளித்துவிட்டுப் படுத்தாரென்றால் சாயங்காலம்வரை தூங்குவார். கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில், இந்தப் பக்கம் தொலைக்காட்சி. ஆகவே பெட்டியைப் போட்டதும் முதல் காரியமாகச் சத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் எங்களுடைய 'கப்பல்' வரும். வாப்பா பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட ஆங்கிலத் தொடர் அது. ஒரு விண்வெளிக் கப்பலும் அதில் ஏழெட்டு மாலுமிகளும் வாரம் ஒரு கிரகமாக இறங்கி ஏறுவதுதான் கதை. அட்டையில் செய்து வெள்ளியடித்த சுவர்கள், அழுத்தினால் எரிகிற சிவப்புப் பொத்தான்கள், எல்லாக் கிரகத்திலும் ஒரே மலை. என்னுடைய அண்ணனை 'நானா' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவன் அந்த மலையைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து, மலை வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் கைதட்டுவோம்.

பார்க்க உட்காரும்போது சில கட்டுப்பாடுகள் இருந்தன. முறுக்கு கூடாது, கடித்தால் சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் பை கொண்டுவரக் கூடாது. சிரிப்பு வந்தால் தலையணை. அதனால் எங்களுக்கு வாய்த்த தின்பண்டம் லாப்பிஸ் மட்டும்தான். அடுக்கடுக்காக உரித்துத் தின்னக்கூடிய அந்த மெத்தென்ற மலாய்ப் பலகாரத்தை இன்றைக்குக் கடையில் பார்த்தாலும் எனக்குக் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

எங்களோடு பார்க்க எதிர்வீட்டுச் செல்லா அங்கிள் வருவார். ஏதோ ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். அந்தத் தொடரை இளவயதிலேயே சமூக மன்றத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர் என்பதால் தானே மூத்த ரசிகர் என்ற நினைப்பு அவருக்கு. ஆனால் அப்போது மன்றத்தில் கூடியிருந்த கூட்டத்தின் கூச்சலில் ஒரு வசனமும் அவர் காதில் விழவில்லை என்பதை நானா எப்படியோ கறந்துவிட்டான்.

"அப்ப அங்கிளுக்கும் ஒண்ணும் தெரியாது லா."

"தெரியாதெண்டு ஆர் சொன்னது? முகத்தைப் பார்த்தால் விளங்காதோ?"

முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவரை மிஞ்சியவர் சாச்சி. நாகூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஆங்கிலம் தெரியாது. சமையலறை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் வாய் அசைகிற ஒவ்வொருவருக்கும் தாழ்ந்த குரலில் தமிழ் பேசுவார். கப்பல்காரர்கள் வீட்டுப் பிள்ளை அவர். அதனால் தலைவனை 'நகுதா' என்றார். ஊரில் கப்பல் தலைவனுக்கு அதுதான் பெயராம். உயரமான இயந்திரக்காரனுக்கு 'நெட்டையன்' என்று பெயர் வைத்தார். நகுதா விறைப்பாக நின்று ஏதோ உத்தரவு போடும்போது சாச்சி, "சோறு இன்னும் ஆவலையாடா?" என்பார். நாங்கள் தலையணையைத் தேடுவோம்.

அத்தியாயம் முடிந்ததும் எல்லாரும் பூனை நடையில் வெளியேறி, காரிடாரில் செருப்பு அலமாரிக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே நின்று அலசுவோம். எங்கள் புளோக்கை ஒட்டி எல்ஆர்டி ரயில் போகும். வீடுகளை நெருங்கும்போது அதன் கண்ணாடிகள் தாமாகவே பனி படர்ந்ததுபோல வெளுத்துவிடும். உள்ளே இருப்பவர்கள் நம் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதாம். "நம்ம ஊட்டு வாசல்லயே கப்பல் போவுது, அதுல ஏற நகுதா தேவையில்ல, கார்டு போதும்" என்பார் சாச்சி.

நாங்கள் அதிகம் பேசியது மணல் கிரகத்து அத்தியாயத்தைப் பற்றித்தான். தண்ணீர் தேடி இறங்குகிறார்கள். நெட்டையன் மட்டும் தனியே ஒரு குகைக்குள் போய்விட்டு வருகிறான். கப்பல் புறப்படும்போது அவன் ஏறவில்லை. கதவு மூடிக்கொள்கிறது. வட்டச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று நகுதா என்னவோ சொல்கிறான். நெட்டையன் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சிரிக்கிறான், கையை மெல்ல உயர்த்துகிறான். கப்பல் போய்விடுகிறது. அவன் தன் கருவிப்பெட்டியின்மேல் உட்காருகிறான். அவ்வளவுதான், அடுத்த வாரம் அவன் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவனை விட்டுவிட்டுப் போனார்களா, அவனே நின்றுகொண்டானா? எங்களுக்குள் இதில் மூன்று கட்சிகள் இருந்தன.

"இல்லைப் பிள்ளை, அவனை விட்டிட்டுப் போறாங்கள். நகுதாவின்ர கண்ணைப் பார். மேலயிருந்து ஓடர் வந்திட்டுது" என்பார் செல்லா அங்கிள்.

"போங்கண்ணே! வுட்டுட்டுப் போனா எவனாச்சும் சிரிப்பானா? அவனாத்தான் நிக்கிறான். 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ங்கறான். வாயசைவு அப்புடித்தானே இருக்கு?" என்பார் சாச்சி.

"ஆங்கிலத்தில கதைக்கிறவனுக்குத் தமிழ் வாயசைவோ?"

"நாகூர்க்காரனா இருக்கும்."

நானாவின் கட்சி மூன்றாவது: கட்டாயம் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், அந்த அத்தியாயத்தை நாம் தவறவிட்டிருப்போம். நான் சாச்சியின் கட்சி. எனக்கு அவருடைய குரலில்தான் அந்தக் காட்சி நினைவில் இருந்தது. சத்தம் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு. அது தீராமல் இருந்ததில்தான் எங்களுக்கு அத்தனை சனிக்கிழமைகள் கிடைத்தன.

ஒரு நாள் காலையில் சாச்சா வேலையிலிருந்து வரவில்லை. வேலையிடத்தில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாப்பா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் நாங்கள்தான் பிள்ளைகள். வீடு நிறைய ஆட்கள் வந்து, ஓதி, கலைந்து போனார்கள். சாச்சி 'இத்தா' இருந்தார். கணவனை இழந்த பெண் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் காலம் அது. செல்லா அங்கிள் முறை தெரிந்தவர், உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டார். காரிடாரிலேயே நின்று பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார், எங்களுடைய தொட்டிகளுக்கும் சேர்த்து.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, சும்மா பெட்டியைப் போட்டபோது, மணல் கிரகம் மறுஒளிபரப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நானா நிமிர்ந்து உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இப்பச் சத்தம் வைக்கலாம் தானே" என்றான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான்.

ரிமோட்டை எடுத்து அவன் பொத்தானை அழுத்த அழுத்தத் திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டது. முதன்முறையாகக் கப்பலின் இரைச்சல் எங்கள் கூடத்தில் கேட்டது. நாங்கள் நினைத்திருந்ததைவிட அற்பமான சத்தம், மாவு அரைக்கும் கிரைண்டர்போல. நகுதாவின் குரல் கீச்சென்று இருந்தது. அறையிலிருந்து சாச்சி வெளியே வந்தார். நானாவின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, அந்தப் பச்சைக் கோட்டை ஒவ்வொரு கட்டமாகக் குறைத்து இல்லாமல் ஆக்கினார்.

"சத்தம் இருந்தா எனக்குப் புரியாது தம்பி" என்றார்.

பிறகு தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கதவு மூடிக்கொண்டது, நகுதா பேசினான், நெட்டையன் சிரித்தான். சாச்சி அன்றைக்கு யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. கப்பல் போன பிறகும் அவன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தா முடிந்து சில வாரங்களில் சாச்சி ஊருக்குக் கிளம்பினார். "அவ உம்மாவுக்கு முடியலயாம், பாத்துக்கப் போறா" என்று எங்களிடம் சொன்னார்கள். சாங்கி விமான நிலையத்துக்கு எல்லாரும் போனோம், செல்லா அங்கிளும் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே போவதற்கு முன் சாச்சி என் தலையைத் தடவி, "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றார் என் உம்மாவிடம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனதும் வரிசை நகரவில்லை போலிருக்கிறது. சாச்சி தன் பெட்டியைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார். சிரித்தார். கையை மெல்ல உயர்த்தினார்.

"நானா, நெட்டையன்! நெட்டையன் மாதிரியே!" என்று நான் துள்ளினேன். எங்களுக்காக நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நானாவும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினான். "அடுத்த லீவுக்கு வந்துடுவாங்க" என்றான், தன் கட்சியை விடாமல். செல்லா அங்கிள் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாச்சிக்கு இந்த நாட்டில் தங்க இருந்த அனுமதி சாச்சாவின் மனைவி என்பதால் கிடைத்தது. அவர் இல்லாமல் போனதும் அதற்குப் பிடிமானமும் இல்லாமல் போயிற்று. வாப்பா மனுமேல் மனுவாக எழுதிக் கொடுத்து, கிடைத்த சிறு நீட்டிப்பும் தீர்ந்துபோன வாரத்தில்தான் அந்தப் பயணம் நடந்தது. இதெல்லாம் நான் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது உம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஊரில் பார்த்துக்கொள்ள உம்மா என்று ஒருவர் சாச்சிக்கு இருக்கவில்லை. சாச்சி கல்யாணமாகி இங்கே வரும் முன்பே அந்த உம்மா இறந்துவிட்டிருந்தார். சாச்சி ஒரு மச்சான் வீட்டின் பின்கட்டில் தங்கினார். நானாவின் கல்யாணத்துக்கு ஒரு முறை வந்தார், விருந்தாளியாக. ஒரு காலத்தில் அவர் கழுவி அடுக்கிய தட்டில் யாரோ அவருக்குப் பலகாரம் வைத்து நீட்டினார்கள்.

இப்போது நான் வேலை செய்வது மென்பொருளில் பிழை தேடுகிற இடத்தில். எந்த வரிசையில் எது நடந்தது என்று பிரித்துப் பார்ப்பதே பிழைப்பு. ஆனாலும் அந்த அத்தியாயத்தை மட்டும் தேடாமல் இருந்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், அந்தப் பழைய தொடர் முழுவதும் இணையத்தில் ஏறியிருப்பதாக நானா வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்பினான். மணல் கிரகத்தின் இணைப்பு மட்டும் அதில் இருந்தது. நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பார்த்து முடித்ததும் நாகூருக்கு அழைத்தேன்.

"சாச்சி, கப்பல் பாத்தேன். அந்த மணல் கதை."

"சத்தம் வச்சா?"

"ம்."

அந்தப் பக்கம் ஏதோ வதங்கிக்கொண்டிருந்த ஓசை நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"என்ன சொல்றான் நகுதா?"

"குகையில நெட்டையனுக்கு ஏதோ நோய் ஒட்டிக்கிச்சாம். 'எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், உன்னைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னுட்டாங்க'ன்னு சொல்றான்."

"அப்ப செல்லா அண்ணன்தான் ஜெயிச்சாரு. அவர்ட்ட சொல்லிட்டியா?"

"அவரு தவறிட்டாரே சாச்சி. சொன்னேனே."

"ஆமால்ல." கரண்டியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. "நெட்டையன் என்ன சொன்னான்?"

"'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ன்னு."

சாச்சி சிரித்தார். தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நான்தான் சொன்னேனே புள்ள, வாயசைவு அப்புடித்தான் இருந்துச்சுன்னு."

"அவனா நிக்கல சாச்சி. வுட்டுட்டுத்தான் போறாங்க. அப்புறமும் ஏன் அப்படிச் சொல்றான்?"

"வேற என்னத்தச் சொல்லுவான்? போறவங்க நல்லபடியாப் போகணும்ல. சரி, சோறு கிடக்கு, போன வக்கிறேன்."

வாப்பாவும் உம்மாவும் இப்போது என்னோடு புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறார்கள். சுவா சூ காங் வீடு கைமாறிவிட்டது. அங்கே எதிர்வீட்டு வாசலில் பூந்தொட்டிகள் இல்லை. முழங்கைமுடியை எழுப்புகிற கண்ணாடி எந்தத் தொலைக்காட்சிக்கும் இல்லை. எல்ஆர்டி மட்டும் வீடுகளை நெருங்கும்போது கண்ணாடியை வெளுத்துக்கொண்டு போகிறது. அன்று அழைப்பை முடித்ததும் மணல் கிரகத்தை இன்னொரு முறை போட்டேன், கூடத்துப் பெரிய திரையில். கதவு மூடிக்கொள்கிற இடம் வந்தபோது என் விரல் தானாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் இப்போது பகலில் தூங்குகிறவர் யாரும் இல்லை.