பேப்பரில் இருக்கிற கலர்

எங்கள் ஆபீசுக்குக் கலர் ஜெராக்ஸ் மெஷின் வந்த அன்று அதற்குக் கற்பூரம் காட்டியதே நான்தான். அப்போது அதன்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை.

ஆரணியில் பட்டுச்சேலை மொத்த வியாபாரம் செய்யும் முதலாளியிடம் நான் கணக்கு எழுதுகிறேன். சென்னையில் எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு பெரிய கடை உண்டு. மாதிரிச் சேலையை அனுப்பினால் யாராவது அதேபோல விசைத்தறியில் மலிவாக ஓட்டிவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். செல்போனில் படம் அனுப்பினால் போனுக்குப் போன் ஒரு கலர் காட்டுகிறது. அதனால் சேலையை மெஷின் கண்ணாடிமேல் விரித்து, கலர் காப்பி எடுத்து, அந்தத் தாள்களை அனுப்புவது என்று முடிவானது. கடைக்காரர் தாளைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்.

அந்த முறை போக வேண்டிய சேலைகளில் ஒன்று என் வீட்டுக்காரர் நெய்தது. முதலாளி கொடுக்கிற நூலில், சொல்கிற கலரில் நெய்துகொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் யோசனைக்கு ஒன்று போட்டிருந்தார். நீளவாக்கில் ஓடும் பாவு பச்சை, குறுக்கே போகும் ஊடை அரக்கு. ஒரு பக்கம் சாய்த்தால் கிளிப்பச்சை, மறுபக்கம் சாய்த்தால் அரக்கு. கட்டிக்கொண்டு நடந்தால் இரண்டும் மாறி மாறி வரும். கடை இதை எடுத்துக்கொண்டால் இனி எங்கள் தறியில் என் வீட்டுக்காரர் சொல்கிற கலர்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டார்.

மெஷின் முதலில் எல்லாச் சேலையையும் நீலம் பூசித் துப்பியது. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. மெஷினே சின்னச் சின்னக் கலர்க் கட்டங்களாக ஒரு தாளை அச்சடித்துத் தரும். அதைத் திரும்பக் கண்ணாடியில் வைத்தால், தான் போட்ட கலரைத் தானே பார்த்துப் பிசகைத் திருத்திக்கொள்ளும். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற பிள்ளையின் யோக்கியதைதான். எத்தனை முறை வைத்தாலும் நீலம் போகவில்லை. வேலூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம்.

அவர் மூடியைத் தூக்கிக் கண்ணாடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "மேடம், இது இன்னாது?"

"ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம்."

"எது வெள்ளைன்னு மெஷின் பாத்துக்கறதே இந்த ஓரத்துல கீற வெள்ளைப் பட்டைய வச்சித்தான். நீங்க அதும்மேலயே பட்டை போட்டு வச்சிகிறீங்க. மஞ்சளத்தான் வெள்ளைன்னு நெனச்சிகினு இருந்திருக்குது."

துடைத்தார். கலர்க் கட்டத் தாளை மறுபடி அச்சடித்து வைத்தார். அடுத்து வந்த காப்பிகளில் மாம்பழ மஞ்சள் மாம்பழ மஞ்சளாகவே இருந்தது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. கடைசியாக எங்கள் சேலையை வைத்தேன்.

காபிப்பொடிக் கலரில் வந்தது. ஜரிகை கருப்பாக வந்தது.

சேலையை நீளவாக்கில் வைத்தால் வெறும் பச்சை. திருப்பி வைத்தால் வெறும் அரக்கு. இரண்டும் தெரியட்டும் என்று சாய்த்து வைத்தால் காபிப்பொடி. மெக்கானிக் என்னென்னவோ அழுத்திப் பார்த்துவிட்டுப் பையை மூடினார். "மெஷின்ல தப்பு இல்ல மேடம். அதுக்கு வெளிச்சம் ஒரே பக்கந்தான். துணிய ஆட்டிப் பாக்க அதுக்குத் தெரியாது."

"பச்சை ஒண்ணு, அரக்கு ஒண்ணு, ரெண்டு பேப்பரா அனுப்பலாங்களா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"ரெண்டு சேலைன்னு நெனச்சிக்குவான். அப்பறம் பேஜார். ரெண்டும் கலந்து வந்துகிதே, அத்தயே வையிம்மா."

வைத்தேன்.

வீட்டில் ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடமிருந்து தினமும் ஒரே கேள்விதான். "இன்னா, கலர் வந்துச்சா?" மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவந்தேன். தாள்கள் சென்னைக்குப் போன பிறகும் அதையே சொன்னேன்.

கடையிலிருந்து போன் வந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரரு சேலைக்குத்தாம்மா ஆர்டரே. அந்தக் காபிப்பொடிக் கலரு, கருப்பு பார்டரு, ரொம்ப கிளாஸா கீதாம். பேப்பர்ல இருக்கிற மாதிரியே வேணுமாம்."

அந்தத் தாளின் இன்னொரு காப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் தறியை விட்டு எழுந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "இது யாரு சேலை?"

"உங்களுதுதாங்க."

அவர் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பிறகு தாளை என்னிடமே கொடுத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார்.

முதலாளி பாவுக்கும் ஊடைக்கும் ஒரே காபிப்பொடி நூல் கொடுத்தார். ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் கருப்புப் பட்டு. என் வீட்டுக்காரர் ஒரு குறையும் இல்லாமல் நெய்து கொடுத்தார். கடைக்கு ஒரு காப்பி போக வேண்டும் என்பதால் முதல் சேலையைக் கண்ணாடியில் விரித்தேன். கலர்க் கட்டத் தாள் எதுவும் தேவைப்படவில்லை. முதல் காப்பியே சேலையை உரித்து வைத்ததுபோல வந்தது. முதலாளி தாளையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இப்போதுதான் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்றார்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அவர் எதுவும் கேட்கவில்லை. நானே, "கலர் அப்படியே வந்துச்சுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.