தொட்டி நிறையத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம் அது. அரியாலையில், கடலேரிக்குக் கிட்ட, நான் பன்றிப் பண்ணை தொடங்கி இரண்டாவது வருடம். கோயில் திருவிழாக் காலம் என்பதால் ஊரே மச்ச மாமிசம் விட்டு விரதம் இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் யாழ்ப்பாணத்தில் பன்றி வளர்க்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் வீடு கொக்குவிலில். காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு பெரிய போத்தல் தண்ணீரும் சோற்றுப் பார்சலுமாகப் புறப்பட்டால் பின்னேரம்தான் திரும்புவேன். திரும்பினாலும் நேரே வீட்டுக்குள் போக முடியாது. மனைவி கிணற்றடியில் எனக்கென்று தனிச் சவர்க்காரம் வைத்திருக்கிறாள். தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் வாசற்படி. நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவன்தான். தோட்டப் பயிரில் கைவிட்டுப் போன காசை இந்தத் தொழிலில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இறங்கினேன், அவ்வளவுதான்.

இறங்கியதுதான் இறங்கினேன், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பயிற்சி வகுப்புக்கெல்லாம் போய் வந்தேன். கொட்டில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். பதினான்கு தாய்ப்பன்றிகளுக்கும் நம்பர் போட்டு, சினைக்கு விட்ட நாள், ஈன்ற நாள், குட்டிகள் எத்தனை, பிழைத்தது எத்தனை என்று எழுதி வைப்பேன். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று விரல் விட்டு எண்ணி, ஈனும் நாளைச் சொல்வேன். சினையாக இருக்கும்போது தீனியை அளந்து வைக்க வேண்டும், கொழுத்துவிட்டால் ஈனுவதற்குக் கஷ்டப்படும். ஈன்ற பிறகு நாளுக்கு நாள் கூட்ட வேண்டும், பால் கொடுத்து மெலிந்துபோனால் அடுத்த சினை பிந்தும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாராவது பண்ணை பார்க்க வந்தால் அரை மணித்தியாலம் பிடித்து வைத்துத் தீனியைப் பற்றியே கதைப்பேன். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

அயல் வீட்டுக்காரருக்கு மட்டும் என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. மணம் தாங்க முடியவில்லை என்று சபைக்கு மனு எழுதி முதல் கையெழுத்தை வைத்தவர் அவர். அதிலும் ஆறாமல் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த மதிலை மூன்று வரி கல் வைத்து உயர்த்தினார். அவருடைய மகள் அந்த ஆவணியில் தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் துடக்கு, கோயிலுக்குப் போக முடியாது. திருவிழாவை விட மனமில்லாத மனிதர், துடக்கு தன்மேல் ஒட்ட முதலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் தாயும் மகளும் கைக்குழந்தையும்தான். மருமகன் வேலை முடிந்து பின்னேரங்களில் வந்து போவார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஏழாம் நம்பர் ஈன்றது. பதினான்கிலும் எனக்குப் பிடித்தது அதுதான். தொழிலில் அப்படி ஒன்றை மட்டும் பிடிக்கக்கூடாது என்பார்கள், ஆனால் பிடித்துவிட்டது. நான் கொட்டிலுக்குள் நுழைந்தால் மற்றவை தீனி வாளியைப் பார்க்கும், அது என் முகத்தைப் பார்க்கும். முதல் ஈற்றில் பத்துக் குட்டிகள் போட்டு, ஒன்றைக்கூட நசுக்காமல் வளர்த்த தாய். இந்த முறை பதினொன்று. பலகையில் பதினொன்று என்பதை மற்ற எண்களைவிடப் பெரிதாக எழுதினேன்.

மூன்றாம் நாள் அது தீனியில் வாய் வைப்பதை நிறுத்தியது. தவிட்டைக் குறைத்துச் சோளமாவைக் கூட்டிப் பார்த்தேன். புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் வாசம் பிடித்தாலாவது தின்னும் என்று பாசையூரில் கருவாட்டுத்தூள் வாங்கிக் கலந்தேன். அதை ஆசையாக இரண்டு வாய் தின்றது, பிறகு அதையும் விட்டுவிட்டது. மடியில் பால் வற்றியது. குட்டிகள் காம்பைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தின. நான் போத்தலில் பசுப்பால் ஊட்டினேன். சில குடித்தன, சில துப்பின. ஐந்தாம் நாள் காலையில் மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தன. பலகையில் பதினொன்றை அழித்து எட்டு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். கரவெட்டிப் பக்கம் நிற்கிறார், அடுத்த நாள்தான் வர முடியும் என்றார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. மடி கல்லுப்போல இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. தண்ணீர் குடிக்கிறதா என்றும் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: “தொட்டி நிறையத் தண்ணி கிடக்கு டொக்டர்.” அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் என் காதே கூசுகிறது.

பத்து மணியிருக்கும், மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அயல் வீட்டு மகள், பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். குட்டிகளின் சத்தத்தில் குழந்தை நித்திரை கொள்ளவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் அன்றைக்கு இருந்த மனநிலையில் ஒரு சண்டை தேவையாகத்தான் இருந்தது.

“அண்ணை, குட்டியள் ஏன் இப்பிடிக் கத்துது?”

“தாய்க்குப் பால் இல்லைத் தங்கச்சி. சாப்பிடுதில்லை. நானும் எல்லாம் குடுத்துப் பாத்திட்டன்.”

அவள் கொஞ்ச நேரம் ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அது கம்பியை நக்குது, கண்டனீங்களோ? பசிச்சால் ஆரும் கம்பியை நக்குவினமே?” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். காலை நேரத்து ஈரம் பிடித்திருந்த இரும்புக் கம்பியை அது மேலும் கீழுமாக நக்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாளாகக் கண்டும் கவனிக்காத ஒன்று. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று அவளுக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

“நீங்கள் அதைக் குடிச்சுப் பாத்தனீங்களோ?”

இரண்டு வருடமாக நான் குடித்தது கொக்குவில் வீட்டுத் தண்ணீர். பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட என் வாயில் பட்டதில்லை. குழாயைத் திறந்து கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தேன். தொண்டைக்குள் இறக்க முடியவில்லை, அப்படிக் கரித்தது. அந்த வருடம் மழை பொய்த்து, கடலேரி உப்பு எங்கள் கிணற்றுக்குள் வந்திருக்கிறது. கழுவிக் காய்ந்த நிலத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டும், எங்கள் மண்ணின் சுண்ணாம்புதானே என்று விட்டிருந்தேன். மற்றப் பன்றிகள் சகித்துக்கொண்டு குடித்திருக்கின்றன. குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற ஒன்றின் தாகத்துக்கு அது போதவில்லை. அதற்குமேல் கெட்டித்தனமாகக் கருவாட்டுத்தூளையும் கலந்து கொடுத்த என்னை என்னவென்று சொல்வது?

“எங்கடை கிணறும் உப்புத்தான்,” என்றாள் அவள். “இவர் வெளியிலையிருந்து நல்ல தண்ணி ரெண்டு கான் கொண்டுவந்து தந்திட்டுப் போறவர். ஒண்டை நீங்கள் கொண்டுபோங்கோ. எனக்குத் தூக்க ஏலாது, நீங்கள்தான் உள்ளை வந்து எடுக்கவேணும்.”

அந்த வளவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. கொட்டில் உடுப்போடு நிற்கிறேன், திருவிழா நேரம், எப்படி வருவது என்று தயங்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அண்ணை, இந்த வளவிலை இப்ப என்னைவிடத் துடக்கான ஆள் ஆர்? பயப்பிடாமல் வாங்கோ.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். கோயிலுக்குப் போகிற வேறு யாராக இருந்தாலும் அந்த மதிலடிக்கே வந்திருக்க மாட்டார்கள். வந்தது, அந்த ஒரு மாதத்துக்கு ஊரே தள்ளி வைத்திருந்த ஒருத்தி.

தண்ணீர்க் கானை எடுக்கப் போனபோதுதான் கண்டேன். மதிலோரச் செம்பரத்தைச் செடிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைக் கண்டதை அவளும் கண்டுவிட்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று தாய் நேரத்துக்கு அரைக் கோப்பை மல்லித்தண்ணீர்தான் கொடுக்கிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, துடக்கு வீட்டுக்கு விரதமில்லை என்பதால் மருந்துச் சரக்குக்கறியும், பால் சுரக்கச் சுறாவும் வேளாவேளைக்கு வருகிறது. ஆனால் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. பன்றிக் கொட்டில் பக்கம் வீட்டில் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால் அவள் இங்கே வந்து ஒளித்துக் குடிக்கிறாள்.

“எல்லாரும் சாப்பிடு சாப்பிடு எண்டுதான் நிக்கினம். அதுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும் பாவம்,” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புப்பட்ட கையால் துடைத்தபடியால் இன்னும் எரிந்தது.

வைத்தியருக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். உப்பு ஏறிய உடம்பு, ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றார். சின்னச் சட்டியில் ஊற்றி வைத்தேன். ஏழாம் நம்பர் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து, ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே உறிஞ்சியது. சட்டி வெறுமையான பிறகும் அதை நக்கியது. இன்னும் தரச்சொல்லி முனகியது. கால் மணித்தியாலம் பொறுத்துப் பொறுத்து ஊற்றினேன். அந்தக் கால் மணித்தியாலங்களைப்போல என் வாழ்க்கையில் நீண்டவை குறைவு. மதிலுக்கு மேலிருந்து அவளும் இறங்கவில்லை.

அப்போது அவளுடைய தாய் வந்துவிட்டார். “பச்சை உடம்போடை கதிரையிலை ஏறி நிண்டு என்னடி செய்யிறாய்? குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் உதுக்கோ ஊத்துறது?” என்று கேட்டார்.

“அம்மா, அதுக்குத் தாகம். எனக்குத் தெரியும் அது எப்பிடியெண்டு.”

அந்தப் பக்கம் கதிரையை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மற்றவற்றுக்கும் நல்ல தண்ணீர் கொண்டுவரக் கொக்குவிலுக்கு ஓடினேன். அன்றைக்குப் பொழுது முழுக்க லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பீப்பாய் ஏற்றி இறக்கினேன். பலகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை கொட்டிலுக்குப் போனபோது குட்டிகளின் கத்தல் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஏழாம் நம்பர் பக்கவாட்டில் சரிந்து படுத்து, பால் கொடுக்கும்போது தாய்ப்பன்றிகள் போடும் அந்தச் சின்ன உறுமலைப் போட்டுக்கொண்டிருந்தது. எட்டுக் குட்டிகளும் வரிசையாகக் காம்பைப் பிடித்திருந்தன. வாலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சீமெந்து நிலத்திலேயே குந்திவிட்டேன்.

மதிலுக்கு மேலே இந்த முறை தாயின் தலை தெரிந்தது.

“பால் வந்திட்டுதோ தம்பி?”

“ஓம் அக்கா. தண்ணி மட்டும்தான் குடுத்தனான். வேறை ஒண்டும் செய்யேல்லை.”

அவர் குட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், இறங்கிப் போனார். உயர்த்திய மதிலால் எனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, கேட்க மட்டும்தான் முடிந்தது. செம்பில் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல். “இந்தா, குடி. முழுக்கக் குடி. இனி ஒளிச்சுக் குடியாதை.”

வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். எட்டும் பிழைத்தன. பால் மறக்கடித்த ஆறாம் நாளே ஏழாம் நம்பர் திரும்பச் சினைக்கு வந்தது. அடுத்த ஈற்றில் பன்னிரண்டு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்றைக்கு மதிலுக்கு மேலால் எனக்கு ஒரு தட்டில் வடையும் மோதகமும் வந்தது. அவளுடைய தகப்பனார் திரும்பி வந்த பிறகும் மனுவைத் திருப்பி எடுக்கவில்லை, மதிலும் அதே உயரம்தான். ஆனால் வழியில் கண்டால், “கிணறு இன்னும் உப்போ?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் கிணற்றடியில் முழுகிவிட்டு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் மகன் பிறந்தபோது பால் காணாது என்று அவள் அழுததும், நான் கடை கடையாக ஏறிச் சத்துமாப் பெட்டிகளாக வாங்கி அடுக்கியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. “உனக்கும் அப்ப தாகமாய் இருந்ததோ?” என்று கேட்டேன்.

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “பதினெட்டு வருசம் கழிச்சுக் கேக்கிறியள்,” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போதும் காலையில் கொட்டிலுக்குப் போனால், தவிட்டு மூட்டையை அவிழ்க்க முதல் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். அந்த ஒரு வாய் தொண்டையில் இறங்கும் ஒவ்வொரு நாளும், அன்று நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்ததெல்லாம் எனக்குத் தெரிந்ததைத்தானே தவிர அவர்களுக்கு வேண்டியதை அல்ல என்பதும், கேட்டிருந்தால் ஒரு செம்புத் தண்ணீரோடு முடிந்திருக்கும் என்பதும் சேர்ந்தே இறங்குகிறது.