பேச்சியின் கைகள்

குன்னூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அந்த வருஷம் சில நர்ஸுகளை வார்டிலிருந்து எடுத்து, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குப் பழக்கியது. அன்னக்கிளியும் அதில் ஒருத்தி. முன்பு இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவளுக்கும் புருஷன் தங்கையாவுக்கும் இந்தியக் குடியுரிமை வந்தது, கப்பலேறினார்கள். அண்ணன் வீரையாவுக்கு இலங்கைக் குடியுரிமை. அம்மா கருப்பம்மா அவனோடு நின்றுவிட்டாள். மறு வருஷமே அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள், முதுகில் படுக்கைப் புண் வேறு என்று அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. பாஸ்போர்ட், விசா என்று அலைந்து திரும்பிப் போக அவர்களுக்கு வசதி ஏது?

யார் யாருக்கோ படுக்கை விரித்த கை, பெற்றவளுக்கு விரிக்க முடியவில்லை. வார்டில் வயதானவர்களுக்குத் தலை வாரிவிடும்போது அன்னக்கிளியின் சீப்பு சில சமயம் பாதியில் நின்றுவிடும்.

பழகுவதற்காக அவளுக்குக் கொடுத்த முதல் வீடு அருவங்காடு வெடிமருந்து ஆலை குவார்ட்டர்ஸில். மருதாம்பாள் என்ற அம்மாள் கைகால் விழுந்து கிடந்தாள். முதுகில் படுக்கைப் புண். மருமகள் செல்லக்கண்ணுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி உள்ளே போனதும் ஜன்னலைத் திறந்தாள், கட்டிலை இழுத்துப் போட்டாள். "இப்படியா வச்சிருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த முறை போனபோது கதவு திறக்கவில்லை.

பழக்கிக்கொடுத்த ஜெஸிந்தா சிஸ்டர் கோபப்படவில்லை. "ஏனுங்க அன்னக்கிளி, வார்டுல கட்டில் நம்முளுது. அங்க அது அவுங்க ஊடு. நீங்க போறது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்தப் புள்ளதான் பாக்குது. உங்க கையால செய்யாதீங்க. அவ கையச் செய்ய வையுங்க."

அன்னக்கிளி மறுபடி போய் வாசலில் நின்றாள். "நான் பேசினது தப்புங்க" என்றாள். செல்லக்கண்ணு கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

அன்றைக்கு அன்னக்கிளி நோயாளியைத் தொடவில்லை. பழைய புடவையைச் சுருட்டி முதுகுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, இழுக்காமல் உருட்டித் திருப்பச் சொன்னாள். செல்லக்கண்ணு தயங்கித் தயங்கித் திருப்பினாள். மருதாம்பாள் நீளமாக மூச்சு விட்டாள். "இத்தன நாளும் நான் இழுத்துத்தானுங்க திருப்பினேன். அதான் முனகியிருக்காங்க" என்று செல்லக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அன்னக்கிளிக்கு, அங்கே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணி பேச்சியின் நினைப்பு வந்தது. அவளுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். எந்தப் பக்கம் முதலில் திருப்புவது, புண்ணை எப்படிக் கழுவுவது, காலுக்கு நடுவே எதை வைப்பது. எதிரே பேச்சி நிற்பதுபோலச் சொல்லிச் சொல்லி எழுதினாள். தங்கையா பக்கத்தில் சுருண்டு படுத்து, புடவைச் சுருளை எங்கே வைப்பது என்று அவள் வைத்துப் பார்க்க உடம்பைக் கொடுத்தான்.

மருதாம்பாளின் புண் ஆறியது. "இனி அந்தப் புள்ளயே பாத்துக்கும், நீங்க அடுத்த ஊட்டுக்குப் போங்க" என்றாள் சிஸ்டர். அன்னக்கிளிக்குப் போகவே மனசில்லை. லீவு நாளில்கூட அந்த வீட்டுப் பக்கம் போய், வாசலிலேயே பேசிவிட்டு வந்தாள்.

வீரையாவின் பதில் வருவதற்குள் மலையில் மழைக்காலம் போய்ப் பனிக்காலம் பிறந்திருந்தது. 'நீ எழுதினபடிதான் பேச்சி செய்யிறா. புண்ணு காஞ்சு வருது. திருப்பையில அம்மா கண்ண மூடிக்கிட்டு, அன்னக்கிளி வந்துட்டியான்னு கேக்குது. ஆமாம்மா வந்துட்டேன்னு பேச்சியும் சொல்லிடுறா.'

தங்கையா சத்தமாகப் படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தான். "நல்ல சேதிதானே? எதுக்கு அழுவுற?"

"நல்ல சேதிதான்" என்றாள் அன்னக்கிளி. "இன்னொருக்கா படிங்க."